டைனமோ சுற்றிய ஊரில் ஒரு மின்கிற்றார்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. கறண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சில்லில் உரசும் டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும்.

அந்த டைனமோவுக்குள் இருந்தது ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும்தான். மின்கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே நீளமாக ஒன்று பதித்திருக்கும் அல்லவா, பிக்கப் என்பார்கள், அதற்குள்ளும் இருப்பவை அவை இரண்டுமே. டைனமோவில் காந்தம் சுழலும். பிக்கப்பில் காந்தம் அசையாது. அதன் காந்தப்புலத்துக்குள் உருக்குக் கம்பி அதிரும். கம்பி அசையும் ஒவ்வொரு முறையும் புலம் கலைகிறது, கலைகிற புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பரடே 1831 இல் கண்டது இதைத்தான். நைலோன் கம்பி போட்டால் பிக்கப் வாயே திறக்காது.

சுருளின் கம்பி கிட்டத்தட்ட 0.06 மில்லிமீற்றர் தடிப்பு, தலைமயிர் போல. அதை ஏறக்குறைய 8000 தரம் சுற்றியிருப்பார்கள். இவ்வளவு சுற்றியும் வருவது 0.1 வோல்ற் அளவுதான். சைக்கிள் டைனமோவே 6 வோல்ற் தரும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாற் கொடுக்க 20 வோல்ற் வேண்டும். இந்த 0.1 இலிருந்து 20 வரைக்குமான வழியில்தான் கிற்றார்காரர் தன் தொனியைச் செய்துகொள்கிறார். எனக்குப் பிடித்த விடயம் என்னவென்றால், அந்த வழியில் அவர் வைத்திருக்கும் சாமான்களில் பாதிக்கு மேல், நல்ல றேடியோ செய்கிற ஒருவர் பழுது என்று சொல்லித் திருத்திவிடக் கூடியவை.

முதலில், யாரும் விரும்பாத ஒரு பழுது. கலியாண மண்டபம் ஒன்றில் இசைக்குழுவுக்கு வாசிக்க வந்த தம்பி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, கை வைக்க முன்னமே உறுமுது." கதிரையோடு மெல்லத் திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்ப உறுமல் இறங்கியது. ஒரு கோணத்தில் அநேகமாக நின்றே போனது. அன்றைக்கு முழுக்க அவர் மாப்பிள்ளை பொம்பிளைக்கு விலாவைக் காட்டியபடிதான் வாசித்தார்.

சுருளுக்குக் கம்பியின் அசைவு வேறு, மண்டப வயரிங்கின் காந்தப்புலம் வேறு என்று தெரியாது. எது கலைந்தாலும் அது பாடும். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மேற்கத்திய 'ஜி' சுரத்தின் அடி எண்மம் 49 ஹேர்ட்ஸ். அதாவது அந்த உறுமல் கொஞ்சம் சுருதி ஏறிய ஒரு 'ஜி', எந்தப் பாட்டோடும் சேராது. கிற்றார் செய்யும் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955 இல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில்; காந்த முனைகளும் எதிரெதிர். வெளியே இருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலிக்கோ இரண்டு எதிர்களும் சேர்ந்து நேராகிவிடுகின்றன, அதனால் அது கூடும். ஆங்கிலத்தில் ஹம் என்றால் உறுமல்; ஹம்பக்கர் என்ற பெயர் இதனால் வந்தது.

அப்புறம் வயர். வெறும் வயர்தானே என்று நினைப்போம். உறையிட்ட கிற்றார் வயர் மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவில் கொள்ளளவம், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் தன்மை, உள்ளது. சுருளும் அதுவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும், அதற்கு மேலே உள்ளதை வெட்டும். 3 மீற்றர் வயரில் அந்த மேடு 5000 ஹேர்ட்ஸ் பக்கம் நின்றால், 10 மீற்றர் வயரில் 3000க்கு வந்துவிடும். நீள வயர் போட்டதும் கிற்றார் மூக்கடைத்தது போலக் கேட்பது இதனால்தான்.

இனி பெரிய பழுது: டிஸ்டோர்ஷன், அதாவது அலையின் வடிவம் சிதைவது. எந்த அம்பிளிபயருக்கும் ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் அலை எழும்ப முடியாது. தாழ்ந்த வாசல் நிலை உள்ள பழைய வீட்டுக்குள் உயர்ந்த ஆள் ஒருவர் நுழைவதை நினைத்துப் பாருங்கள். சூடாக ஒரு நிமிடம் எடுத்த பழைய வால்வு றேடியோவில் இருந்தது போன்ற வால்வு, குனிந்து நுழைகிற ஆள். அலையின் உச்சி மெல்ல உருண்டுவிடும். ஃபஸ் பெடல், காலால் அழுத்திப் போடுகிற கரகரப்புப் பெட்டி, நெற்றியை இடித்துக்கொள்கிற ஆள். உச்சி தட்டையாக வெட்டுப்படும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பழுதான மின்சுற்று ஒன்று எழுப்பிய கரகரப்பு பிடித்துப்போய், 1962 இல் அதையே மேஸ்ட்ரோ என்ற பெயரில் பெடலாக விற்றார்கள்.

உச்சி வெட்டுப்பட்டால் புதிய சுரங்கள் பிறக்கும். 110 ஹேர்ட்ஸ் அலையை மேலும் கீழும் ஒரேயளவாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றை மடங்குகள் சேரும். ஒரு பக்கம் கூட வெட்டினால் 220, 440 உம் வரும். ஒரு கம்பிக்கு இவ்வளவுதான். இரண்டு கம்பியை ஒன்றாக மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடச் சத்தமாகிவிடும். சட்ஜம் 110, பஞ்சமம் 165 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 55, கூட்டினால் 275. 55 என்பது கீழ்ச் சட்ஜமேதான். சுருதிப்பெட்டிக்கு அடியில் இன்னொரு சுருதிப்பெட்டி வைத்தது போல ஒலி தடிக்கும். பஞ்சமத்தை விட்டு அந்தர காந்தாரத்தைச் சேருங்கள். கிற்றாரின் கட்டையில் அது 138.6. கழித்தால் 28.6, எதோடும் ஒட்டாத ஒரு முனகல். ரொக் கிற்றார்காரர்கள் கடும் டிஸ்டோர்ஷனில் ச–ப மட்டும் பிடிப்பதற்குக் காரணம் இதுதான், சோம்பல் இல்லை.

மற்றப் பெடல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலால் ஆட்டுகிற வா பெடல், ஏறக்குறைய 400 இலிருந்து 2000 ஹேர்ட்ஸ் வரை ஒரு மேட்டை நகர்த்தும். 'ஊ'வில் இருந்து 'ஆ'வுக்கு வாய் திறக்கும்போது நாம் செய்வதும் அதுவே, அதனால்தான் அது நிஜமாகவே 'வா' என்கிறது. யாரைக் கூப்பிடுகிறதோ! ஒலியைப் பிந்தி எதிரொலிக்க வைக்கிற பழைய டிலே பெடலில், கொங்கிறீட் போடும் நாளில் சட்டியைக் கைமாற்றுவது போல, ஒலியின் துண்டுகள் மின்தேக்கியில் இருந்து மின்தேக்கிக்குக் கைமாறும். 4096 படிகள் உள்ள சில்லு ஒன்றில் கடைசிக் கைக்குப் போய்ச் சேர 0.2 செக்கன் வரை பிந்தும். டிலேயை டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து நெற்றியை இடித்துக்கொள்ளும், ஆகவே பெரும்பாலும் பின்னால்தான்.

ஆனால் தொனியில் பெரிய பங்கு, மேடையில் பின்னால் நிற்கிற ஸ்பீக்கர் பெட்டிக்கு. கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அடித்தொனியை விழுங்கிவிடும். கிற்றாரின் 12 அங்குலக் கடதாசிக் கூம்பு அதற்கு மறுபக்கம்: 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வெட்டுப்பட்ட அலையின் கூரான கரகரப்பு பெரும்பாலும் வசிப்பது அந்த 5000க்கு மேலேதான்.

அதே தம்பி இன்னொரு நாள் ஸ்பீக்கர் பெட்டியைச் சுமக்காமல், கையளவு டிஜிட்டல் கருவி ஒன்றோடு வந்து நேரே மண்டபத்து மிக்சரில் செருகினார். தகர டப்பாவுக்குள் கருவண்டு விட்டது போல ஒரு சத்தம். அவருடைய கருவிக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் போலியும் இருந்தது. ஒரு சிறு 'டிக்' ஒலிக்கு உண்மையான பெட்டி எப்படி மறுமொழி சொல்கிறது என்பதன் பதிவு. மெனுவுக்குள் அது அணைந்து கிடந்தது. போட்டதும் வண்டு போய்விட்டது. மண்டபத்துக்காரர்தான் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சத்தம் குறைஞ்சிட்டுது?" என்றார்.