கடலின் மேல் மிதக்கும் மல்லிகைத் தோட்டம்

தமிழ்நாடு முழுக்கவும் வெளி மாநிலங்களுக்கும் போகிற ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்றில் பெரும்பகுதி, ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தைச் சுற்றியுள்ள மணலில்தான் வேர் பிடிக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தீவில் ஆறு கிடையாது. மல்லிகையோ உப்பு அதிகமானால் கருகிப்போகிற செடி. ஆனாலும் தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்தால் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் ஊறுகிறது. தனுஷ்கோடியில் இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் கடற்கரை மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற நீரை முகந்து குடிக்கிறார்கள்.

கடல்தண்ணீரை மணல் வடிகட்டிக் கொடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. மணல் தூசியைப் பிடிக்கும், பாசியைப் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. மணல் துகள்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளோடு ஒப்பிட்டால் கரைந்த உப்பின் அயனிகள் மிக மிகச் சிறியவை. தாராளமாக நுழைந்துபோய்விடும். அப்படியானால் குழியில் ஊறுவது யார் தண்ணீர்? போன ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை.

இந்த மாவட்டத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைப்பது. உள்நாட்டில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசல் மண். மழை கண்மாயில் தேங்கி நிற்கும். கடலோர மணலில் தேங்காது. எவ்வளவு கொட்டினாலும் சற்று நேரத்தில் தரை வெறும் ஈரமாகிவிடும். உள்ளே இறங்கிய மழைநீர், அங்கே முன்பே நிறைந்திருக்கிற கடல்நீரைத் தொடுகிறது. அதற்கு மேல்தான் சங்கதியே இருக்கிறது.

ஒரு லிட்டர் மழைநீர் ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1 கிலோ 25 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தால் மழைநீர் மேலே மிதக்கிறது. மணலுக்குள் அலையும் சுழலும் இல்லாததால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நடுவில் ஒரு உவர்ப்புப் பட்டை மட்டும் உருவாகிறது. 25 என்பது 1000-த்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் கைபெனும், 1901-இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நிஜத்தில் நடுவே களிமண்ணோ பாறையோ குறுக்கிடும், உவர்ப்புப் பட்டையும் கொஞ்சத்தைத் தின்னும்; அதனால் கணக்குச் சொல்கிற அளவு அப்படியே கிடைக்காது. ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

சரக்கு ஏற்றிய வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது கொஞ்சம், தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது அதிகம். சரக்கை இறக்க இறக்க வள்ளத்தின் அடிப்பாகம் மேலே எழும்பும். நிலத்தடி நல்லநீரும் அதே மாதிரிதான்: மேலிருந்து எடுக்க எடுக்க, அடியிலுள்ள உப்புநீர் எழும்பி வருகிறது.

இந்த நல்லநீர் சும்மா கிடப்பதுமில்லை. மேட்டிலிருந்து கரையை நோக்கி மெல்ல நகர்ந்து, கடலோரத்தில் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள்ளேயே இருக்கிற வில்லூண்டி தீர்த்தத்தில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பதை இந்தக் கசிவோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது தோட்டத்துக் குழியைப் பார்த்தால் அதன் அமைப்பு புரியும். அகலமாக இருக்கும், ஆழம் குறைவு. குடத்தில் முகந்து ஊற்றினால், மேலாக நிற்கிற நல்லநீர் நாலாபுறமிருந்தும் ஊறி இடத்தை நிரப்பிவிடும். அதே இடத்தில் ஆழமாக ஒரு குழாய் இறக்கி மோட்டாரை ஓடவிட்டால், அந்த ஒரு புள்ளியில் நீர்மட்டம் வேகமாகக் கீழே போகும். ஒரு அடி இறங்கியபடியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் கணக்குப்படி நாற்பது அடி எழும்பப் பார்க்கும். கூம்பு மாதிரி குழாயின் வாயை நோக்கி ஏறி வரும். மோட்டாரை நிறுத்தினால் உடனே இனித்துவிடுமா? விடாது. ஏறிய உப்பு மணல் சந்துகளில் தங்கி, அடுத்த மழைக்காலம் கழுவுகிற வரைக்கும் கரிக்கும். சில சமயம் அதற்குப் பிறகும்.

இதனால் இங்கே தோட்டக்காரருக்கு வருஷம் முழுவதும் தண்ணீரை எடுக்கிற வேகத்தைப் பற்றிய கவலைதான். கார்த்திகையில் குழி தளும்பும். மார்கழி, தையில் வாடைக்காற்றோடு குளிர்ச்சி இருப்பதால் செடி அதிகம் குடிக்காது. பங்குனி, சித்திரையில்தான் நெருக்கடி. மல்லிகை அள்ளிப் பூக்கிற காலம் அது. நல்லநீர் மெலிந்துகொண்டே போகிற காலமும் அதுதான். செடிக்குத் தாகம் எடுக்கும்போதுதான் மண்ணில் இருப்பு குறைவு.

அப்போது இலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலில் நுனி பழுக்கும். பிறகு விளிம்பு ஓரமாகவே ஒரு காவிக் கோடு ஓடும். நடு இலை பச்சையாகவே இருக்கும். வேர் உறிஞ்சிய நீர் நரம்பு வழியாக இலைக்கு வந்து, ஆவியாகப் பறந்துவிடுகிறது. உப்பு பறக்க முடியாது. நரம்புகள் முடிகிற இடத்தில், அதாவது நுனியிலும் விளிம்பிலும், குவிந்து அங்கே செல்களைக் கொல்கிறது. நுனி காய்ந்ததைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் லேசாகத் தெளிப்பது வழக்கம். குழிநீர் கொஞ்சம் கரித்தால் அதுவே வினை. லேசாகத் தெளித்த நீர் ஆவியாகி, அதிலிருந்த உப்பை வேரடியிலேயே விட்டுப்போகும். வேருக்கு வெளியே உப்பு கூடினால் சவ்வூடு பரவல், அதாவது உப்பு கூடிய பக்கத்துக்கே நீர் நகர்கிற குணம், செடிக்கு எதிராக நிற்கும். மண் நனைந்திருந்தும் வேரால் இழுக்க முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றினால், உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் இது நடப்பது சிரமம். மணலில் நன்றாக நடக்கிறது. இந்த மணலை எதற்கும் உதவாதது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் தானாக மேலே ஏறுவது அதில் குறைவு. சந்துகள் பெரிது என்பதால் ஓரிரு அடிக்கு மேல் இழுக்காது. மேல் மணல் காய்ந்ததும் மூடி போட்ட மாதிரி ஆவியாவது குறையும். பள்ளமான இடங்களில் நீர்மட்டம் தரையை ஒட்டியே இருப்பதால், வெயில் நேராக உறிஞ்சி வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துவிடும். நாற்றுப் பாத்தியைச் சற்று மேட்டில் போடுவதற்கு இதுதான் காரணம். வெட்டிய மல்லிகைக் குச்சியின் அடியில் புது வேர் உண்டாகக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். மேட்டு மணல் இரண்டையும் கொடுக்கிறது.

வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று. தென்கடல் நுரைத்து, உப்புத் திவலை காற்றோடு வரும். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் அது காற்றின் வேலை; எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகினால் குழிநீரைச் சந்தேகப்பட வேண்டும். காற்றின் உப்புக்குப் பனையோலைத் தட்டி, சவுக்கு, தாழை வேலி போதும்.

குழிநீரின் உப்புக்கு வேலி போட முடியாது. அதைத் தள்ளி வைத்திருப்பது நீர்மட்டத்தின் உயரம் ஒன்றுதான். அந்த உயரம் நிற்க மணல்மேடு வேண்டும். மேட்டைச் சமன் செய்து மணலை அள்ளினால், மழைநீர் உயர்ந்து நிற்க இடமில்லாமல் கடலுக்கு ஓடிவிடும்; அரையடி உயரம் போனால், கீழே இருபது அடி நல்லநீர் போகிற கணக்கு. கரையில் மனை போடுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை மேட்டை நிரவுவதுதான். நிரவிய இடத்தில் ஆழ்குழாய் இறக்குகிறார்கள். அது கரித்ததும் இன்னும் ஆழமாக இறக்குகிறார்கள். தண்ணீர் மேலே இருக்கிறது.