வென்டிலேஷன்: காற்றோட்டமா, காலதரா?

எங்கள் ஊர்க் கொத்தனாரிடம் வென்டிலேட்டர் என்றால் சன்னலுக்கு மேலே விடும் சின்னத் திறப்பைக் காட்டுவார். 2020-க்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் அதே சொல்லைக் கேட்டால் வீட்டாருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் வென்டுஸ் என்றால் காற்று. அதன் வழி வந்த வென்டிலாரே என்ற வினைக்கு விசிறுதல், தூற்றுதல் என்று பொருள். களத்தில் நெல் தூற்றுகிறோமே, அதே தூற்றல். ஒரு பக்கம் வந்த காற்று மறுபக்கம் போனால்தான் பதர் விலகும் என்று நாஞ்சில் நாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழில் காற்றோட்டம் என்கிறோம். அந்த 'ஓட்டம்'தான் முக்கியம். காசநோயாளி இருமும்போது கிருமியோடு தெறிக்கும் துளி உலர்ந்து, 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகளாகி, மணிக்கணக்கில் அந்தரத்தில் மிதக்கும். தரையை எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. அறையின் காற்று மணிக்கு 6 தடவை மாறினால் அந்தத் துகள்களில் 99 விழுக்காடு வெளியேற 46 நிமிடம். 12 தடவை மாறினால் 23 நிமிடம். பெரு நாட்டின் லிமாவில் 8 மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியான ஆய்வில், கதவு சன்னலைத் திறந்துபோட்ட அறைகள் இயந்திரக் காற்றோட்ட அறைகளை மிஞ்சின. உயரக் கூரையும் பெரிய சன்னலும் உள்ள பழைய கட்டடங்களுக்கே முதலிடம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆனி மழையில் ஒரு ஓபி அறையில் உட்கார்ந்திருந்தேன். "மக்களே, அந்தச் சன்னல அடைச்சிரு, சாரல் அடிக்கி" என்றார் ஒரு பாட்டி. எல்லாவற்றையும் அடைத்தார்கள். இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் சுற்றியது. காற்றாட்டம் உண்டு, காற்றோட்டம் இல்லை. முப்பந்தலில் காற்றாலை சுழலும் கன்னியாகுமரி மாவட்டம் இது!

சன்னல் என்பதும் போர்த்துக்கீசிய ஜனேலாதான். நம்மிடம் அதற்கும் முன்பே ஒரு சொல் இருந்தது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. வழி என்றால் போய்ச்சேர மறுமுனை வேண்டும். ஒற்றைச் சன்னலை வழி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, வென்டிலேஷனுக்குக் காற்றோட்டம், அதற்காக விடும் திறப்புக்குக் காலதர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டச் சன்னல்களைப் பார்த்தவர்கள், சாரலுக்குப் பயந்து காற்றை அடைக்கத் தேவையில்லை என்று ஒத்துக்கொள்வார்கள்.

காற்று நுழையும் பக்கம் செவிலியர் நாற்காலி, வெளியேறும் பக்கம் இருமுபவர் பெஞ்சு என்று போடச் சொல்வதும் காற்று இப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதால்தான். நம் மாவட்டத்தில் அதிலும் ஒரு சிக்கல்: ஆனி ஆடியில் மேல்காற்று, கார்த்திகையில் வாடை. நாற்காலியும் பெஞ்சும் வருஷத்துக்கு இரண்டு தடவை இடம் மாற வேண்டும்.