அப்போயாந்தோ: சாய்ந்து நிற்கும் விரலுக்கு ஒரு சொல்

கிளாசிக்கல் கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் மாதத்தில் என் காதில் அதிகம் விழுந்த சொல் ‘ரெஸ்ட் ஸ்ட்ரோக்’. ரெஸ்ட் என்றால் ஓய்வுதானே என்று எடுத்துக்கொண்டேன். கம்பியை மீட்டியதும் விரலை அந்தரத்தில் நிறுத்தி, ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு அடுத்த சுரத்துக்குப் போவேன். போதாக்குறைக்கு, மேற்கத்திய இசைக்குறிப்பில் ஒலியில்லாமல் விடும் இடத்துக்கும் ரெஸ்ட் என்றே பெயர். குழப்பம் இரட்டிப்பானது. அந்தச் சொல்லின் ஸ்பானிய மூலத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூலச்சொல் அப்போயாந்தோ. அதன் இணை திராந்தோ. ஆங்கிலம் வழியாக இவற்றைக் கேட்டவர்கள் ‘அபோயாண்டோ’, ‘டிராண்டோ’ என்கிறார்கள். அவசியமில்லை. ஸ்பானியரின் ‘த’ நம்முடைய ‘த’வைப் போலவே பல்லைத் தொட்டுப் பிறப்பது. இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிட நம் நாக்குக்கு வேலை சுலபம்.

செயலை முதலில் பார்த்துவிடுவோம். கிட்டாரை மடியில் வைத்தால் தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய கம்பிதான் முதல் கம்பி. அதைச் சுட்டுவிரலால் மீட்டுகிறீர்கள். விரல் கம்பியைக் கடந்ததும் மேலே எழும்பாமல், போன போக்கிலேயே போய் இரண்டாம் கம்பியின்மேல் சாய்ந்து நிற்கிறது. இதுதான் அப்போயாந்தோ. அப்படிச் சாயாமல், இரண்டாம் கம்பியைத் தொடாமலேயே அதைத் தாண்டி உள்ளங்கைப் பக்கமாக விரல் மடங்கிப் போனால் அது திராந்தோ. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃப்ரீ ஸ்ட்ரோக்’ என்று பெயர். வலக்கையின் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இனி சொல்லுக்கு வருவோம். ஸ்பானியத்தில் ‘அப்போயார்’ என்றால் சாய்த்தல், தாங்குதல், ஆதாரம் கொடுத்தல். நெம்புகோல் எதன்மேல் தாங்கி நிற்கிறதோ அந்தப் புள்ளிக்கு ஸ்பானியர் வைத்திருக்கும் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. வேரைத் தோண்டிக்கொண்டு போனால் லத்தீனின் ‘போதியும்’ வரும். உயர்ந்த மேடை, பீடம் என்று பொருள். ஒலிம்பிக் செய்திகளில் பதக்கம் வென்றவர்கள் ஏறி நிற்கும் போடியமும் அதுவே. அதற்கும் கீழே கிரேக்க மொழியில் ‘சின்னக் கால்’ என்ற பொருளில் ஒரு சொல், அதன் அடியில் கால் என்ற சொல். ஆக, கையால் செய்யும் ஒரு நுட்பத்தின் பெயர் காலில் ஊன்றி நிற்கிறது!

இத்தாலியச் சொல் ‘அப்போஜாரே’ இதன் உடன்பிறப்பு. மேற்கத்திய இசை படித்தவர்களுக்கு அப்போஜாத்தூரா என்ற அணி தெரிந்திருக்கும்: முதன்மைச் சுரத்துக்குச் சற்று முன்னால் பக்கத்துச் சுரம் ஒன்று வந்து, அதன்மேல் சாய்ந்து இறங்கும். அங்கே சுரம் சுரத்தின்மேல் சாய்கிறது, இங்கே விரல் கம்பியின்மேல். கிட்டார் மீட்டலையும் இத்தாலியர்கள் அதே வினையை வைத்துத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் வேறு வழியில் போய், ‘முட்டி நின்றது’ என்ற பொருளில் ‘பூத்தே’ என்கிறார்கள். அதுவும் மோசமில்லை. விரல் எங்கே போய் நிற்கிறது என்பதை அந்தச் சொல்லும் காட்டிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சொல்லின் வால். ஸ்பானியத்தில் ‘-ஆந்தோ’ என்று முடிந்தால் அது முற்றுப்பெறாத வினை, ஏறக்குறைய நம் வினையெச்சம் மாதிரி. ‘அப்போயாந்தோ’ என்றால் ‘சாய்த்தபடி’. ‘திராந்தோ’ என்றால் ‘இழுத்தபடி’. எப்படி வாசிக்கிறாய் என்ற கேள்விக்கு வரும் பதில்கள் இவை. ஆங்கிலம் இவற்றைப் பெயர்ச்சொல்லாக்கி ‘ஸ்ட்ரோக்’ என்று முத்திரை குத்திவிட்டது. ஆங்கில ‘ரெஸ்ட்’டையும் குறை சொல்ல முடியாது. ஏணியைச் சுவரில் சாய்த்து வைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆனால் நம் காதுக்கு அந்தப் பொருள் எட்டுவதில்லை, ஓய்வுதான் எட்டுகிறது. ‘விரலைச் சாய்த்து மீட்டு’ என்று தமிழில் சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

ஏன் சாய வேண்டும்? காரணம் ஒலியில் இருக்கிறது. விரல் பக்கத்துக் கம்பியில் போய் நிற்க வேண்டுமானால் கம்பியை மேல்பலகையை நோக்கி, அதாவது உள்பக்கமாக, அழுத்தியபடிதான் கடக்க முடியும். விடுபட்ட கம்பி பலகைக்குச் செங்குத்தான திசையில் அதிகமாக அதிர்கிறது. அந்தத் திசை அதிர்வுதான் பலகையை நன்றாகக் குலுக்கும். அதனால் ஒலி உரத்தும் உருண்டும் வருகிறது. விலை இல்லாமல் இல்லை: சாய்ந்த விரல் பக்கத்துக் கம்பியின் வாயை அடைத்துவிடும். கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்து, எல்லாம் சேர்ந்து முழங்க வேண்டிய ஆர்பெஜியோவுக்கு இது ஆகாது, அங்கே திராந்தோதான். தனியாக ஓடும் மெட்டுக்கும் சுரவரிசைக்கும் அப்போயாந்தோ. தென்ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக் கலைஞர்களின் மின்னல்வேக ஓட்டம் ‘பிக்காதோ’வும் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிச் சாய்வதுதான். பிக்காதோ என்றால் கொத்தியது. கோழி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909). அவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல நான் தயங்குவேன். அவருக்கு மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஹூலியான் ஆர்காஸ் (1832–1882) பெயரையும் சிலர் சொல்வார்கள். அந்தலூசியாவின் ஃபிளமெங்கோக் கைகள் யாரையும் கேட்டுக்கொண்டு சாய்ந்திருக்காது. ஒன்று மட்டும் தெளிவு. லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்புக்கருவியின் மரபில் வந்தவர்கள் சுண்டுவிரலை மேல்பலகையில் ஊன்றிக்கொண்டு வாசித்தார்கள். கை அப்படித் தாழ்ந்து கிடந்தால் விரல் சாய்வதற்கு வாகு இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிட்டார் செய்யும் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார். கருவி பெரிதாகி, கையும் பலகையை விட்டு எழும்பிய பிறகு சாய்மானத்துக்கு இடம் கிடைத்தது. தாரெகாவின் மாணவர் எமிலியோ பூஹோல் (1886–1980) இதையெல்லாம் பாடநூலாக எழுதி வைத்தார்.

இனி தமிழ்ப்பெயர். மீட்டு என்ற சொல்லில் நமக்குத் தகராறு இல்லை. வீணை கற்பவர்கள் ‘ஒரே மீட்டில் இரண்டு சுரம்’ என்று அதைப் பெயர்ச்சொல்லாகவே பேசுகிறார்கள். ஸ்ட்ரோக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. (அடகுநகையை மீட்பதும் நினைவுக்கு வரும், வந்துவிட்டுப் போகட்டும்.) முன்னால் எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

பழந்தமிழில் தேடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், கோவலன் கையில் யாழைக் கொடுப்பதற்குமுன் மாதவி அதைச் சோதித்துப் பார்க்கிறாள். அங்கே எட்டு வகை இசைக்கரணம் வருகிறது: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. ‘உந்தல்’ கண்ணில் பட்டதும் கை பரபரத்தது. கம்பியை உள்ளே உந்துவதுதானே அப்போயாந்தோ? ஆனால் உரையைப் பார்த்தால் கதை வேறு. உந்தல் என்பது நரம்புகளை உந்தி, வலிவு எது, மெலிவு எது என்று அறிந்துகொள்வது; சுருதி சோதிக்கும் வேலை. வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்கிறது உரை. அது சாய்ந்ததா எழும்பியதா என்ற பேச்சே இல்லை. பழஞ்சொல்லில் புதுப்பொருளைத் திணித்துவிட்டு ‘அன்றே நம்மிடம் இருந்தது’ என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த எட்டும் யாழோடு இருக்கட்டும்.

‘ஊன்றுமீட்டு’ என்று ஒரு யோசனை. வேர்ச்சொல்லில் கால் இருப்பதால் சொல்லாராய்ச்சிக்காரருக்கு இனிக்கும். ஆனால் ஊன்று என்றதும் தமிழர் எடையைப் போடுவார்கள். நாற்று ஊன்றுகிறோம், கம்பு ஊன்றுகிறோம். தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் பெரிய தப்பே இரண்டாம் கம்பியைப் போட்டு அமுக்குவதுதான். அமுக்கிய விரல் திரும்பி வர நேரமாகும், ஓட்டம் தடுமாறும். சாய்மானம் லேசாக இருக்க வேண்டும், சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பவரைப் போல.

ஆகவே என் வாக்கு ‘சாய்மீட்டு’. சாய்நாற்காலி என்பது போல வினைத்தொகை. சாய்த்த, சாய்க்கிற, சாய்க்கும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். விரலைச் சாய்த்தோமா, விரல் சாய்ந்ததா என்ற தன்வினை பிறவினை வழக்கும் இதில் எழாது. ஸ்பானியத்தின் முடிவுறாத வினை தந்த நெகிழ்வு இதிலும் கிடைக்கிறது.

திராந்தோவுக்கு நேர்ப்பொருள் பார்த்தால் ‘இழுமீட்டு’ வரும். அதை நான் எதிர்க்கிறேன். இழு என்று சொன்னால் மாணவர் கம்பியை வெளிப்பக்கமாகக் கொக்கிபோட்டு இழுப்பார். அது கிட்டாரின் கழுத்தில் பதித்த மெட்டுக்கட்டைகளில் மோதிப் படார் என்று கேட்கும். ‘தொடாமீட்டு’ என்றும் ஒருவர் சொன்னார். அடுத்த கம்பியைத் தொடாதது என்பது உண்மைதான். ஆனால் எதையுமே தொடாமல் எப்படி மீட்டுவது என்று கேட்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டும். ‘விடுமீட்டு’ போதும். விரலும் விடுபடுகிறது, பக்கத்துக் கம்பியையும் ஒலிக்க விடுகிறது.

கம்பி என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். கிளாசிக்கல் கிட்டாரில் முதல் மூன்றும் வெறும் நைலான். கனமான மூன்று, நைலான் இழைக்கற்றையின்மேல் உலோகம் சுற்றியவை. 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் நரம்பு செய்து, ஸ்பானியக் கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொள்ளும்வரை மெல்லிய மூன்றும் விலங்குக் குடலில் திரித்தவை. யாழ்க்காரர்களின் ‘நரம்பு’ அங்கே கம்பியைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும். இப்போது மாற்றினால் யாருக்கும் புரியாது.

பயிற்சிக்கு முதல் கம்பி ஒன்றே போதும். கட்டைவிரலை ஆறாம் கம்பியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மாற்றி மாற்றிச் சாய்மீட்டு. ஒரே விரல் அடுத்தடுத்து வரக்கூடாது. அசைவு விரல் கையோடு சேரும் பெரிய மூட்டிலிருந்து வர வேண்டும், நுனிமூட்டு கொஞ்சம் வளைந்துகொடுக்கலாம். ஒரு விரல் சாயும்போதே மற்றது எழும்பிவிட வேண்டும், நடக்கும்போது கால்கள் மாறுவதைப் போல. கட்டைவிரலுக்கும் சாய்மீட்டு உண்டு. ஆனால் அது எதிர்த்திசையில், தரையை நோக்கிப் போய், அடுத்த மெல்லிய கம்பியில் நிற்கும். ‘மேல் கம்பியில் சாய்’ என்று யாராவது சொன்னால் உயரத்தில் மேலா, சுருதியில் மேலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டாரில் இரண்டும் தலைகீழ்.

இரண்டும் ஒரே இடத்தில் கைகோப்பதைப் பார்க்க, கற்பவர்கள் எல்லோரும் விரைவில் தொட்டுவிடும் அந்த ஸ்பானிய ரொமான்ஸ் துண்டு நல்லது. ஒவ்வொரு தாளத்திலும் மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் முறையே ஒன்று, இரண்டு, மூன்றாம் கம்பிகளில். மெட்டு முழுக்க முதல் கம்பியில். அதை மோதிரவிரலால் சாய்மீட்டினால் மெட்டு முன்னால் வந்து நிற்கும், மற்ற இரண்டும் விடுமீட்டில் பின்னால் முணுமுணுக்கும். சிக்கல் எங்கே என்றால், மோதிரவிரல் போய்ச் சாயும் இரண்டாம் கம்பியைத்தான் நடுவிரல் அடுத்து மீட்ட வேண்டும். விருந்தாளி எழுந்தால்தான் வீட்டுக்காரர் உட்கார முடியும். எனக்கு இது கைக்கு வர ஒரு கோடைகாலம் ஆயிற்று.

என் நோட்டில் சுரங்களுக்கு மேலே பென்சிலால் ‘ச’, ‘வி’ என்று குறித்து வைத்திருந்தேன். வீணை கற்ற தோழி ஒருத்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, வரிக்கு வரி ஷட்ஜமாவே இருக்கு?” என்றாள். இப்போதெல்லாம் ‘சாய்’ என்று முழுசாக எழுதுகிறேன்.