ஐஸில் விழும் ஒற்றைக் கோடு

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்டில் ஜேகியூப் கடைத்தொகுதி இருந்த காலத்தில் அதற்குள் ஓர் ஐஸ் தளம் இருந்தது. நீளம் 60 மீட்டர், அகலம் 30 மீட்டர், ஒலிம்பிக் அளவு. 2012இல் திறந்தார்கள், 2023இல் மூடிவிட்டார்கள். வெளியே சட்டை முதுகில் ஒட்டும் வெயில்; உள்ளே போனால் பல் தந்தியடிக்கும். என் அத்தை சமூக மன்றத்தில் பல வருடங்களாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். பேத்தி ஸ்கேட்டிங் போகவேண்டும் என்று அடம்பிடித்ததால் ஒருநாள் எங்களோடு வந்தார். பிள்ளை விழுந்து விழுந்து எழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. தடுப்பில் சாய்ந்துகொண்டு ஐஸையே உற்றுப் பார்த்தார்.

“இந்தக் கோடு ஒத்தையா இருக்கு, அது ரெட்டையா இருக்கு. ஏன்டா?”

ஐஸ் டான்ஸ் என்பது ஆணும் பெண்ணும் ஜோடியாக ஸ்கேட்டில் ஆடும் ஒலிம்பிக் போட்டி. அதன் சூட்சுமத்தில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஸ்கேட்டின் பிளேடு சமையல் கத்தி மாதிரி ஒற்றைக் கூர் உள்ளதல்ல. சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அடிப்பக்கம் கவிழ்த்துப்போட்ட வாய்க்கால் போல் நீளவாக்கில் குழிந்திருக்கும். ஆக, உள் விளிம்பு ஒன்று, வெளி விளிம்பு ஒன்று. நிமிர்ந்து நின்றால் இரண்டும் ஐஸில் பதியும், ரெட்டைக் கோடு. உடம்பைச் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் பதியும், ஒற்றைக் கோடு. அந்தக் கோடு நேராகவும் போகாது, வளையும்.

பிளேடு அழுத்துவதால் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழுக் கதை இல்லை. ஒரு மனிதரின் எடை உருகுநிலையைக் கொஞ்சம்தான் இறக்கும். ஐஸின் மேல்தட்டில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால் உறைநிலைக்குக் கீழேயும் அவை தளர்வாக அலைகின்றன. உராய்வுச் சூடும் சேர்ந்துகொள்கிறது. அது போதும், வழுக்கும்.

சரி, சாய்வுக்கு வருவோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டியிருந்தால், வளைவில் உடம்பு தானாக உள்பக்கம் சாய்வது தெரியும். அதே கணக்குதான் இங்கும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறவர் ஏறக்குறைய 36 டிகிரி சாய்ந்தாக வேண்டும். சாயப் பயந்தால் வளைவு அகன்றுவிடும். இதையே இரண்டு பேர், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் முன்நோக்கியும் மற்றவர் பின்நோக்கியும் போனபடி செய்தால்? ஒருவருடைய சாய்வு கொஞ்சம் குறைந்தாலும் அவருடைய வளைவு பெரிதாகும், இருவருக்கும் நடுவே இடைவெளி விழும். என் கணக்கில், ஒரு ஜோடியை எடைபோட அந்த இடைவெளியைவிட நல்ல அளவுகோல் இல்லை. நெருக்கமாக ஆடும்போது கால்கள் இடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே ஐஸ் டான்ஸ் ஆடுகிறவர்களுடைய பிளேடின் பின்பகுதியைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள்.

இதே ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் என்று இன்னொரு போட்டி உண்டு. அதில் பெண்ணைத் தூக்கி எறிவார்கள், தலைக்கு மேல் ஏந்துவார்கள். ஐஸ் டான்ஸில் அதெல்லாம் கிடையாது. தூக்கலாம், சாதாரணத் தூக்கலுக்கு 7 விநாடிதான், மீறினால் 1 புள்ளி போச்சு. போட்டி இரண்டு சுற்று. முதலாவது ரிதம் டான்ஸ். அந்தப் பருவத்துக்கு அறிவிக்கப்படும் தாளத்திலோ பாணியிலோ ஆட வேண்டும். அடுத்தது ஃப்ரீ டான்ஸ், சுமார் 4 நிமிடம், இசை அவரவர் விருப்பம்.

1984இல் சராயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டோர்வில், டீன் ஜோடி நேர விதியை ஏமாற்றிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களுடைய இசை 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே குறைய மறுத்தது. அனுமதி 4 நிமிடம் 10 விநாடி. ஆனால் பிளேடு ஐஸைத் தொட்டு ஆடத் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடும். எனவே முதல் 18 விநாடியை மண்டியிட்டபடியே உடம்பை மட்டும் அசைத்துக் கழித்தார்கள். தங்கம் கிடைத்தது.

அப்போது 6.0 தான் உச்ச மதிப்பெண். 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடி ஸ்கேட்டிங்கில் நடுவர் ஊழல் வெடித்து, கடைசியில் இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவாக 2004இல் இப்போதைய புள்ளி முறை வந்தது. இதில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தொழில்நுட்பக் குழு ஒன்று நட்டுவனார் மாதிரி முக்கியமாகக் காலைப் பார்க்கும். அடியெடுப்பு வரிசையில் திருப்பங்களைத் தேவைப்பட்டால் வீடியோவில் மறுபடி ஓட்டிப் பார்த்து, விளிம்பு சுத்தமா, திருப்பத்துக்கு முன்பே ரெட்டைக் கோடாகிவிட்டதா என்று தீர்மானித்து, அதிகபட்சம் 4 வரை நிலை கொடுக்கும். ட்விசில் என்ற, ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே நகரும் அசைவுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நிலை. நிலையைப் பொறுத்தே அடிப்படைப் புள்ளி.

நடுவர்கள் தனி. ஒவ்வோர் அசைவும் எவ்வளவு நேர்த்தி என்று -5 முதல் +5 வரை போடுவார்கள். 9 பேர் 3, 3, 4, 2, 3, 3, 5, 3, 1 என்று போட்டால் உச்சமான 5ஐயும் கடைசியான 1ஐயும் தூக்கிவிட்டு, மீதி ஏழின் சராசரியை எடுப்பார்கள்: 3. வேண்டியவருக்கு ஒருவர் மட்டும் அள்ளிக்கொடுத்தால் எடுபடாது. இதற்கு மேல் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் மூன்றுக்கும் பத்துக்குப் பத்து அளவில் மதிப்பெண். ஃப்ரீ டான்ஸில் அந்தக் கூட்டுத்தொகையை 2ஆல் பெருக்குவார்கள். பிரபல ஜோடிகளுக்கு இந்த மூன்றில் கை தாராளமாகிறது என்பது என் சந்தேகம். நாட்டிய விழாக்களில் நடக்காததா என்ன?

2018 பியோங்சாங் போட்டியின் மறு ஒளிபரப்பை அத்தை வீட்டில்தான் பார்த்தோம். அப்போது நேர்த்திக்கு +3 தான் உச்சம், முதல் சுற்றுக்கும் ஷார்ட் டான்ஸ் என்று பெயர். கனடாவின் விர்ச்சு, மொய்ர் ஜோடிக்கும் பிரான்சின் பாப்பாடாகிஸ், சிஸெரோன் ஜோடிக்கும்தான் நிஜப் போட்டி. அத்தை தமிழ் முரசை எடுத்து டிவியின் மேல்பாதியை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

“மூஞ்சியப் பாத்தா மயங்கிடுவோம். கால் மட்டும் போதும்.”

பிரெஞ்சு ஜோடி ஆடி முடித்ததும் பேப்பரை இறக்கினார். “முட்டி நல்லா மடங்குது, அரைமண்டி மாதிரி. ஆனா அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு மனசு கால்ல இல்லை.”

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாப்பாடாகிஸின் உடையில் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது. உடையின் துண்டு ஏதாவது ஐஸில் விழுந்தால் 1 புள்ளி கழிப்பார்கள், விழவில்லை. சட்டையைக் காப்பாற்றிக்கொண்டே ஆடி முடித்தார். 81.93 கிடைத்தது; கனடா ஜோடிக்கு 83.67. மறுநாள் ஃப்ரீ டான்ஸில் பிரான்ஸ் 123.35, கனடா 122.40. கூட்டினால் 205.28க்கு எதிரே 206.07. தங்கம் 0.79இல் போனது.

கொக்கி கழன்ற விஷயத்தை நான் சொல்லித்தான் அத்தைக்குத் தெரியும். அது நடந்ததெல்லாம் பேப்பருக்குப் பின்னால்.