கியர் மாத்தின வண்டியும் கூட்டிச் சொல்ற ஸ்பீடோமீட்டரும்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பழைய ரியர் வீல் டிரைவ் வண்டி ஒண்ண ரெடி பண்ணிட்டிருக்கேன், பின் ஆக்ஸில்ல 3.55 ரேஷியோவ கழட்டிட்டு 4.10 போட்டாச்சு, டயரும் 215/75 ஆர்15ல இருந்து 235/75 ஆர்15க்கு ஏத்தியாச்சு. இப்ப ஜிபிஎஸ் 100 காட்டும்போது மீட்டர் 110ஐத் தாண்டி நிக்குது. மீட்டர் போயிடுச்சா? புதுசு வாங்கணுமா?"

போகல, காச மிச்சம் பண்ணுங்க. வண்டி எவ்ளோ வேகமா போகுதுன்னு ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்னாடி வந்து சேருற கேபிள் எவ்ளோ வேகமா சுத்துதுங்குறது மட்டும்தான். அந்தக் கேபிள் கியர் பாக்ஸோட வெளிவர்ற ஷாஃப்ட்ல இருந்து ஒரு குட்டிப் பல்சக்கரம் வழியா சுத்து வாங்கிக்குது, ஷாஃப்ட் டிஃபரென்ஷியல, அதாவது ரெண்டு பின்சக்கரத்துக்கும் சுத்தப் பிரிச்சுக் குடுக்குற பல்சக்கரப் பெட்டிய, சுத்துது, டிஃபரென்ஷியல் சக்கரத்த சுத்துது, சக்கரம் ரோட்ட அளக்குது. இந்த வரிசையில ஒவ்வொண்ணும் என்ன சைஸ்னு கம்பெனியில முன்னாடியே கணக்குப் போட்டுத்தான் டயல்ல நம்பர் அச்சடிச்சிருப்பாங்க. நடுவுல நீங்க ரெண்டு சாமான மாத்திட்டீங்க, டயலுக்கு யாரும் சேதி சொல்லல, அவ்ளோதான்.

கணக்கு சிம்பிள். 3.55ன்னா சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 3.55 சுத்து சுத்தணும், இப்ப 4.10 சுத்தணும். 4.10ஐ 3.55ஆல வகுத்தா 1.155, அதாவது மீட்டர் பதினஞ்சரை சதவீதம் கூட்டிச் சொல்லும். டயர் இதுக்கு நேர் எதிர். பழைய டயரோட விட்டம் 703.5 மில்லிமீட்டர், புதுசு 733.5, பெரிய டயர் ஒரு சுத்துல 4.3 சதவீதம் அதிக தூரம் போயிடுறதால மீட்டர் கொறச்சுச் சொல்லப் பாக்கும். 1.155ஐ 1.043ஆல வகுத்தா சுமார் 1.108. ஜிபிஎஸ் 100க்கு மீட்டர் 110க்கு மேல ஏன் நிக்குதுன்னு இப்பப் புரியுதா?

முன்சக்கர டிரைவ் வண்டி வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிக்கணும். அதுல பெரும்பாலும் ஸ்பீடோ எடுக்குற பல்லு டிஃபரென்ஷியல்லயே இருக்கும், ஃபைனல் டிரைவுக்கு, அதாவது 3.55, 4.10 மாதிரி ரேஷியோவக் குடுக்குற கடைசிப் பல்ஜோடிக்கு, பின்னாடி, அதனால ரேஷியோ மாத்துனாலும் முள் நகராது, டயர் மாத்துனா மட்டும்தான் வித்தியாசம். அதே மாதிரி கியர் பாக்ஸுக்குள்ள ஒண்ணாம் கியர் ரெண்டாம் கியர் பல்ல மாத்துறதும் மீட்டர ஒண்ணும் பண்ணாது, ஏன்னா எண்ணுற எடம் அதுக்கெல்லாம் அப்புறம்தான் இருக்கு.

சரி, இப்ப எனக்குப் பிடிச்ச எடத்துக்கு வரேன். அந்தக் கேபிள் சுத்துது, முள் எதுக்காக 80ல போய் நிக்கணும்? முள்ளும் கேபிளோட சேந்து சுத்தோ சுத்துன்னு சுத்திருக்கணுமே?

கேபிளோட முனையில ஒரு காந்தம், அத மூடினாப்ல மெல்லிசான ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடவே தொடாது, நடுவுல காத்துதான், அதோட அலுமினியம் காந்தத்துல ஒட்டுற உலோகமும் இல்ல. ஆனா காந்தம் சுத்தும்போது கிண்ணத்துக்குள்ள காந்தப்புலம் மாறிக்கிட்டே இருக்கும், புலம் மாறுனா உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் கெளம்பிடும், ஸ்கூல்ல படிச்ச லென்ஸ் விதிப்படி அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கின காரணத்த எதிர்க்கும். காரணம் என்ன? காந்தம் ஓடுது, கிண்ணம் நிக்குது, அந்த வித்தியாசம்தான். அத கொறைக்கணும்னா கிண்ணமும் கூட ஓடணும். வாளித் தண்ணிய கையால வேகமா கலக்குனா அதுல மெதக்குற எல இழுத்துட்டு ஓடுற மாதிரி, கிண்ணம் காந்தத்துக்குப் பின்னாடி ஓடப் பாக்கும். அத ஓட விடாம ஒரு சுருள்வில் பிடிச்சு வச்சிருக்கு, கிண்ணத்தோட தண்டுலதான் முள்ளும் இருக்கு.

இதுல அழகு எங்க இருக்குன்னா, காந்தம் இழுக்குற முறுக்கு விசை சுத்துற வேகத்துக்கு நேர் விகிதம், சுருள்வில் திருப்பி இழுக்குறது முள் திரும்பின கோணத்துக்கு நேர் விகிதம். ரெண்டும் சமமாகுற எடத்துல முள் நிக்கும், அதனால கோணம் வேகத்துக்கு நேர் விகிதம், அதனால 20க்கும் 40க்கும் நடுவுல எவ்ளோ எடமோ அதே எடம் 80க்கும் 100க்கும் நடுவுல. மையவிலக்கு விசைய வச்சு வேலை செஞ்ச மீட்டர்களும் இருந்துச்சு, அந்த விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால சமமா எட்டு வைக்குற டயல் அதுல லேசுல வராது. சுழல் மின்னோட்ட மீட்டருக்கு ஓட்டோ ஷூல்ட்ஸேங்குற ஜெர்மன்காரர் 1902ல காப்புரிமை வாங்கினார், எலக்ட்ரானிக்ஸ் வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு உலகமே அதுலதான் ஓடுச்சு.

இன்னும் இருக்கு. அலுமினியம் சூடானா மின்தடை கூடும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம். குளிர்ல எடுத்த வண்டி 40 டிகிரி சூடேறுச்சுன்னா இழுவிசை பத்துப் பதினஞ்சு சதவீதம் கொறஞ்சிடும், அதே வேகத்துக்கு முள் கீழ எறங்கும். இத சரிபண்ண காந்தத்துக்குப் பக்கத்துலயே இரும்பும் நிக்கலும் கலந்த ஒரு சின்னத் தகட வைப்பாங்க. அது காந்தப்புலத்துல கொஞ்சத்த கிண்ணத்துக்குப் போக விடாம தன் வழியா இழுத்துக்கும், சூடேற ஏற அந்தத் தகடு காந்தத்தன்மைய இழந்துகிட்டே வரும், அதனால கிண்ணத்துக்கு அதிகப் புலம் போய்ச் சேரும். கிண்ணம் பலவீனமாகுற அதே அளவுக்குத் திருட்டும் கொறையுது பாருங்க, கம்ப்யூட்டரும் இல்ல, சென்சாரும் இல்ல, ஒரு தகடு!

இரும்பு-நிக்கல் கலவைகளோட இந்த மாதிரி கோளாறுகள ஆராய்ஞ்சவர்தான் சார்ல் எட்வார் கியோம், அளவைகளுக்கான சர்வதேச அலுவலகத்துல வேலை பாத்தவர், அதுக்கு 1920ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க. அளவுகோல் செய்ய நல்ல உலோகம் தேடப் போய் ஆரம்பிச்ச வேலை அது. அளவையியலுக்கு எதுக்கு இவ்ளோ நிதின்னு கேக்குறவங்கள பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆளு ஞாபகம்தான் வரும். இன்னொரு பக்கம் பெட்ரோல் குழாய்ல காந்தம் மாட்டுனா மைலேஜ் கூடும்னு விக்குறாங்க, அதையும் வாங்கி மாட்டுறோம். டேஷ்போர்டுக்குள்ள இருக்குற காந்தம் உண்மையிலயே வேலை செய்யுது, குழாய்ல மாட்டுனது சும்மா ஒக்காந்திருக்கு.

மைலேஜ்னதும் ஞாபகம் வருது. ஓடுன தூரத்தக் காட்டுற ஓடோமீட்டரும் அதே கேபிள்லதான் ஓடுது, ஆனா அங்க காந்தமும் இல்ல சுருள்வில்லும் இல்ல, வெறும் பல்சக்கரம், கேபிள் இத்தன சுத்துக்கு ஒரு கிலோமீட்டர்னு எண்ணிட்டே போகும். அதனால உங்க வண்டி இப்ப 100 கிலோமீட்டர் ஓடுனா 110க்கு மேல எழுதும், லிட்டருக்கு 10 குடுத்தா 11 குடுக்குற மாதிரி தெரியும். ரேஷியோ மாத்துனதும் மைலேஜ் ஏறிடுச்சுன்னு யாராச்சும் சொன்னா முதல்ல இதத்தான் கேக்கணும்.

கழட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய சோதனையும் இதுலயே இருக்கு. நேர் ரோட்டுல கிலோமீட்டர் கல்லையோ ஜிபிஎஸ் தூரத்தையோ வச்சு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. ஓடோமீட்டர் 11ஐத் தாண்டிக் காட்டுனா ரேஷியோ தப்பு, பல்சக்கரத்த மாத்துனா தீரும். ஓடோமீட்டர் சரியா 10 காட்டி முள் மட்டும் தப்பா நின்னா காந்தமோ சுருள்வில்லோதான் கோளாறு, அப்ப பல்ல மாத்துனீங்கன்னா சரியா இருந்த ஓடோமீட்டரையும் கெடுத்த மாதிரி ஆயிடும்.

ரேஷியோ தப்புன்னா, கியர் பாக்ஸ்ல கேபிள் சொருகுற எடத்துல இருக்குற பிளாஸ்டிக் பல்சக்கரத்த எடுத்து பல்ல எண்ணுங்க. 18 பல்லுன்னு வச்சுப்போம், 18ஐ 1.108ஆல பெருக்குனா 19.94, ஆக 20 பல்லு வேணும். பல்லு கூடுனா கேபிள் மெதுவா சுத்தும், முள் எறங்கும். ஆனா 20 பல்லு சக்கரம் கொஞ்சம் பெருசா இருக்குமே, எப்படிப் பொருந்தும்னா, சில கியர் பாக்ஸ்ல அது ஒக்காருற உறை மையம் தள்ளி இருக்கும், பல் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி திருப்பி வைக்க அதுலயே குறி போட்டிருப்பாங்க. பாக்காம சொருகுனா பல்லு தேஞ்சிடும். சரியான பல்லு கிடைக்கலன்னா கேபிளுக்கு நடுவுல மாட்டுற ரேஷியோ பெட்டி இருக்கு. வேற வண்டியோட மீட்டர தூக்கி மாட்டலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அமெரிக்க வழக்கத்துல ஒரு மைலுக்கு கேபிள் 1000 சுத்து, ஜப்பான் தரத்துல ஒரு கிலோமீட்டருக்கு 637 சுத்து, கலந்தா புதுத் தலைவலி.

எலக்ட்ரானிக் மீட்டர்னா கேபிளுக்கு பதில் மின் துடிப்பு, அத நடுவுல பிடிச்சு 1.108ஆல வகுத்து அனுப்புற சின்னப் பெட்டிகள் இருக்கு, இல்லன்னா வண்டியோட கம்ப்யூட்டரான ஈசியூலயே எண்ண மாத்தலாம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் க்ரூஸ் கண்ட்ரோலும் அதே துடிப்பதான் கேக்கும், அதனால டேஷ்போர்டுல முள்ள மட்டும் திருத்தாம சிக்னல்லயே திருத்துறது நல்லது. ஏபிஎஸ் சென்சார்ல இருந்து வேகம் எடுக்குற வண்டியா இருந்தா ஆக்ஸில் ரேஷியோவுக்கு இந்த வேலையே இல்ல, அது சக்கரத்தையே எண்ணுது.

18க்கு 20 போட்டா 0.3 சதவீதம் கொறச்சுக் காட்டும், அது பரவாயில்லையான்னா, ஐநாவோட 39ஆம் ஒழுங்குமுறைப்படி மீட்டர் உண்மையான வேகத்துக்குக் கீழ காட்டவே கூடாது, மேல காட்டலாம், 100ல 114 வரைக்கும். அதனால கம்பெனிக்காரங்க எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் வச்சிருப்பாங்க, உங்க 0.3 அதுக்குள்ள அடங்கிடும். கடைசியா ஜிபிஎஸ்ஸோட ஒரு தடவ சரிபாத்துட்டு விட்டுடுங்க, ஏன்னா புது டயர்ல 8 மில்லிமீட்டர் இருக்குற பட்டன் 1.6க்குத் தேயுறதுக்குள்ள உங்க டயரோட சுத்தளவே 1.7 சதவீதம் கொறஞ்சிடும்.