டிஎல்ஓபன் தோற்றால் எர்நோவைக் கேட்காதீர்கள்

"பிளகின் ஏறவில்லை: சக்சஸ்." இப்படி ஒரு வரியோடு இன்னொரு லாக் வந்திருக்கிறது. சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸிலும் ஜூரோங்கிலும் ராத்திரி ஷிஃப்டில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் டெக்னீஷியன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

லினக்ஸில் ஓடும் நிரலுக்குள் லைப்ரரியை ஏற்றும் ஃபங்ஷன் டிஎல்ஓபன் (dlopen). தயவுசெய்து அதற்குப் பிறகு, எர்நோவில் (errno) கிடக்கும் பிழை எண்ணைச் செய்தியாக அச்சிடும் பெர்ரர் (perror) போடாதீர்கள். டிஎல் ஃபங்ஷன்கள் பிழையை எர்நோவில் எழுதும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அதில் கிடப்பது முன்னே நடந்த ஏதோ ஒரு சிஸ்டம் காலின் மிச்சம். பூஜ்யமாக இருந்தால் 'சக்சஸ்' என்று வரும். லைப்ரரியைத் தேடி ஏற்றும் லோடர் நாலு இடத்தில் தேடிய மிச்சம் இருந்தால் 'கோப்பு இல்லை' என்று வரும். அதை நம்பி, கண்ணெதிரே இருக்கும் கோப்பையே திரும்பத் திரும்பக் காப்பி செய்வார்கள். உண்மையில் 64 பிட் நிரலில் 32 பிட் லைப்ரரியை ஏற்றப் பார்த்திருப்பார்கள். டிஎல் பிழைகளைச் செய்தியாகத் தரும் டிஎல்எரர் (dlerror) அதை ஒரே வரியில் சொல்லியிருக்கும்.

ஆனால் டிஎல்எரர் ஒருமுறைதான் சொல்லும். இஃப்-இல் ஒருதடவை, பிரிண்டெஃபில் மறுதடவை அழைத்தால் இரண்டாவது முறை வருவது நல் (NULL, வெற்றுச் சுட்டி). கம்பைலரான ஜிசிசி அந்த பிரிண்டெஃபை, நல்லைத் தாங்காத புட்ஸாக (puts) மாற்றியிருந்தால் நிரலே விழும். மாறியில் வாங்கி வையுங்கள். அடுத்த டிஎல் அழைப்பைத் தாண்டியும் செய்தி வேண்டுமென்றால் எஸ்டிஆர்டப் (strdup) போட்டு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

லைப்ரரிக்குள் இருக்கும் சிம்பலை, அதாவது ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயரை, தேடி முகவரி தரும் டிஎல்சிம் (dlsym) நல் தந்தாலே பிழை என்றில்லை. சிம்பலின் மதிப்பே நல்லாக இருக்கலாம். முதலில் டிஎல்எரரை அழைத்துப் பழைய செய்தியைத் துடையுங்கள். பிறகு டிஎல்சிம். மறுபடி டிஎல்எரர். ஃபங்ஷனாக அழைக்கப் போகிறீர்கள் என்றால் நல் சோதனையும் கூடவே வேண்டும். சி++ லைப்ரரியில், ஃபங்ஷன் பெயர் உருமாறாமல் காக்கும் எக்ஸ்டர்ன் "சி" போட மறந்துவிட்டு டிஎல்சிம்மைக் குறை சொல்லாதீர்கள்.

'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று டிஎல்எரரே சொன்னால், செய்தியின் தொடக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் நீங்கள் கேட்ட லைப்ரரி பத்திரமாக இருக்கும். அதற்குத் தேவையான இன்னொன்று இருக்காது. தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி (ldd) கட்டளை காட்டிக்கொடுக்கும். போதாவிட்டால் எல்டி_டீபக்=லிப்ஸ் (LD_DEBUG=libs) என்ற சூழல் மாறியைப் போட்டு ஓட்டுங்கள், லோடர் தேடிய ஒவ்வொரு பாதையும் வரும்.

களத்தில் ஓடும் நிரலில் டிஎல்ஓபனுக்கு ஆர்டிஎல்டி_லேசி (RTLD_LAZY) கொடுக்க வேண்டாம்; அது ஒவ்வொரு ஃபங்ஷனையும் முதன்முதலாக அழைக்கும்போதுதான் தேடச் சொல்லும். ஃபங்ஷன் ஒன்று விடுபட்டிருந்தாலும் டிஎல்ஓபன் வெற்றி என்றே சொல்லும். அந்த ஃபங்ஷனை முதன்முதலாக அழைக்கும் நொடியில் லோடர் நிரலை 127 என்ற குறியீட்டோடு முடித்துவிடும். நீங்கள் எழுதிய பிழைச் சோதனை எதுவும் ஓடாது. அதற்குப் பதில் ஆர்டிஎல்டி_நவ் (RTLD_NOW) கொடுங்கள், ஏற்றும்போதே தெரிந்துவிடும்.