பைரெத்ரம் பூ: பறிச்ச அன்னிக்கே பரப்பலன்னா மருந்து போயிடும்

போன லீவுல ஊருக்கு வந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடியில சாமந்திப் பூ காயப்போட்டிருந்தாங்க. பொடி பண்ணி செடிக்குத் தூவினா பூச்சி வராதுன்னு யாரோ வீடியோல சொன்னாங்களாம். அக்கா, இது அந்தப் பூ இல்லன்னு சொல்லி உக்காந்து பேசினதுதான் இதை எழுத வெச்சது.

பூச்சிமருந்து எடுக்குறது பைரெத்ரம் பூவுல இருந்து. சாமந்திக்குச் சொந்தம்தான், ஆனா செடி வேற. வெள்ளை இதழ், நடுவுல மஞ்சள் பொட்டு. பூர்வீகம் குரோஷியா பக்கம் டால்மேஷியா கடற்கரை. ஜப்பான்காரங்க 1890ல இதை வெச்சுத்தான் கொசுவுக்கு ஊதுபத்தி செஞ்சாங்க, அப்புறம் அதுவே சுருளாச்சு (இன்னைக்கு கடையில வாங்குற சுருள்ல பெரும்பாலும் செயற்கை மருந்துதான்). நான் வேலை பாக்குறது கென்யால, நகுரு பக்கம், விவசாயிங்க கொண்டுவர்ற காய்ஞ்ச பூவை வாங்குற இடத்துல தரம் பாக்குற வேலை. அங்க இதை பரேட்டோன்னு சொல்வாங்க. மோலோ மாதிரி குளிர்ந்த மேட்டு நிலத்துலதான் நல்லா வரும், குளிர் பத்தலன்னா செடி பச்சையா வளந்துட்டே இருக்கும், மொட்டு வைக்காது.

மருந்து எங்க இருக்குன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சிடும். இதழ்ல ரொம்பக் கம்மி. நடுப்பொட்டுக்கு அடியில இருக்குற குட்டிக் குட்டி விதைலதான் முக்கால்வாசிக்கும் மேல இருக்கு, அதுக்குப் பேரு பைரெத்ரின். நல்லா காய்ஞ்ச பூவுலயே நூத்துக்கு 1லேர்ந்து 2 பங்குதான் தேறும். அந்த மஞ்சள் பொட்டுல வெளி வட்டத்துலேர்ந்து மூணு நாலு வரிசை சின்னப் பூ விரிஞ்சிருக்கணும், வெள்ளை இதழ் படுக்கையா நீட்டிட்டு இருக்கணும், அப்பப் பறிக்கணும். மொட்டா பறிச்சா மருந்து சேந்திருக்காது, முத்த விட்டா விதை உதிர ஆரம்பிச்சிடும். எல்லாப் பூவும் ஒண்ணா விரியாதுங்கறதால ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்பப் போகணும். காம்பு இல்லாம தலையை மட்டும் கிள்ளணும், காம்புல மருந்து ரொம்பக் கம்மி, சும்மா எடைதான்.

இதெல்லாம் சரியா பண்ணிட்டு அதுக்கப்புறம் கோட்டை விடுறவங்கதான் அதிகம், எனக்கு மனசு கஷ்டமா இருக்குறதும் அங்கதான். ஒரு மாமா (அங்க வயசான அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒரு நாள் மூட்டை கொண்டு வந்தாங்க, மேல பாத்தா பூ வெள்ளை வெளேர்னு இருக்கு, கைய உள்ள விட்டா வெதுவெதுன்னு சுடுது, அடியில இருந்து ஒரு பிடி எடுத்தா பழுப்பு நிறம், புளிச்ச வாடை. விசாரிச்சா முந்தின நாள் காலைல பனி ஈரத்தோட பறிச்சு, பிளாஸ்டிக் சாக்குல அமுக்கி, மழைன்னு வீட்டுக்குள்ளயே ராத்திரி வெச்சிருந்திருக்காங்க, அடுத்த நாள் அரைகுறையா காய வெச்சு மறுபடி கட்டிட்டாங்க. மல்லிப்பூவ ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி வெச்சா என்னாகும், அதேதான் இது. பறிச்ச பூவும் மூச்சு விடும், குவிச்சா சூடேறும், புளிக்கும், மருந்து குறையும். காசு எடைக்கு மட்டும் கிடையாது, உள்ள எவ்ளோ பைரெத்ரின் இருக்குங்கறதுக்குத்தான், அதனால அவங்க குனிஞ்சு குனிஞ்சு பறிச்ச உழைப்பு ஒரே ராத்திரில பாதியா போச்சு.

பனி காஞ்சப்புறம் பறிங்க, தகர டின், பிளாஸ்டிக் பை வேணாம், காத்து போற கூடைல போடுங்க, அமுக்காதீங்க. அன்னிக்கே பரப்பிடணும். மண்ணுல போடாம, தரைக்கு மேல வலைத் தட்டு கட்டி ஒத்தைப் பூ கனத்துக்குப் பரப்பி அடிக்கடி கிளறி விடணும், சாயங்காலம் மூடிடணும். நாலு கிலோ பச்சைப் பூ காஞ்சா ஏறக்குறைய ஒரு கிலோதான் வரும், அதப் பாத்து பயந்து ஈரத்தோட கட்டிடாதீங்க. காஞ்சிடுச்சான்னு பாக்க நடுப்பொட்ட விரல்ல வெச்சு நசுக்குங்க, பொலபொலன்னு உதிரணும். பிசுபிசுன்னு ஒட்டினா இன்னும் ஒரு நாள். சூடான டிரையர் வெச்சிருக்கறவங்க 60 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க. காஞ்சதும் வெயில்ல விட்டு வைக்காதீங்க, வெளிச்சமும் காத்தும் பட்டா மருந்து சிதைஞ்சிட்டே இருக்கும்.

இன்னொன்னு, இயற்கைன்னதும் மொகத்துல பூசிக்கலாம்னு நினைக்காதீங்க. பறிக்கறவங்களுக்கு விரல் இடுக்குல அரிப்பு, கொப்புளம் வர்றத நிறைய பாத்திருக்கேன், ஆஸ்துமா இருக்கறவங்க இந்தத் தூசி பக்கமே போக வேணாம், மத்தவங்க முழுக்கை சட்டையும் மாஸ்க்கும் போடுங்க. தேனீக்கும் இது விஷம்தான், அதனால இந்த மருந்த செடிக்கு அடிக்கறதா இருந்தா சாயங்காலம் தேனீ அடங்கினப்புறம் அடிங்க. மீனுக்கு இன்னும் மோசம், அடிச்ச ஸ்பிரேயர கொண்டுபோய் குளத்துலயோ கெணத்துலயோ கழுவாதீங்க.